பானைத் தண்ணீரும் சவரச் சோப்பும்



முகம் நிறையத் தாடி வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் சவரச் சோப்பைப் பற்றி எழுத வருகிறானே என்று உங்களில் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். என் சொந்தத் தேவைக்கு மீசையைக் கத்தரிக்க ஒரு சிறு கத்தரிக்கோல் போதும். ஆயினும் 2009-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் குச்சிச் சோப்பு ஒன்றினால் நான் பட்ட பாடும், அதன் பொருட்டு ஒரு நல்ல மனிதர்மேல் நான் சுமத்திய பழியும் உங்களிடம் சொல்லித் தீர வேண்டியவையாக இத்தனை ஆண்டுகளாக மனத்தில் கிடக்கின்றன.

நான் பணிபுரியும் ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அப்போது வேலூர் மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது என்றதும் நம் வீட்டுப் பெண்மக்களுக்குச் சிறு டப்பியில் வரும் வாசனைப் பொடிதான் நினைவுக்கு வரும். இதுவோ சந்தன மரங்களுக்குப் பெயர்போன மலை. சாமையும் தேனும் புளியும் பலாவும் அங்கிருந்து எங்கள் கடைத்தெருவுக்கு இறங்கி வரும்.

என் தந்தையார் வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோராண்டுகள் கணக்கெழுதியவர். தாயார் மறைந்த பிறகு என்னுடன் வந்து தங்கினார். ஐவேளைத் தொழுகையில் குறை வைக்காதவர். ஆனால் தாடி மட்டும் வைத்ததில்லை. மதரஸாவிலிருந்து பட்டம் பெற்று வந்த புதிதில், இளமை வேகத்தில் நான் இதுபற்றி அவரிடம் வாதிட்டதுண்டு. “உனக்கு அழகா வளர்ந்திருக்கு தம்பி. என்னை என் போக்குல விட்டுடு” என்பார். அதற்குமேல் பேச்சு வளராது. சுபுஹுக்கு முன்னரே எழுந்து, பித்தளைக் கிண்ணமும் தூரிகையும் குச்சிச் சோப்பும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் அமர்ந்துவிடுவார். நான் விழித்து வரும்போது கன்னம் பளபளக்க ஒளுச் செய்துகொண்டிருப்பார்.

அவ்வாண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் வாரம் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. நாவும் கட்டுண்டது. நாம் பேசுவது அவருக்கு ஓரளவு விளங்கும். அவரால் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்ல இயலாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது முகத்தில் நரைத்த தாடி படர்ந்திருந்தது.

உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் தாடியைக் கண்டு எனக்குள் ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. நான் வாதிட்டு வெல்ல முடியாததை நோய் வந்து வென்று தந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவரோ இடக்கையால் கன்னத்தைச் சொறிந்துகொண்டே இருப்பார். வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்து, தாடிக்குள் தங்கி, தோல் புண்ணாகிவிட்டது. வந்து பார்த்த மருத்துவர், “முதல்ல முடியை எடுங்க, பிறகுதான் மருந்து தடவ முடியும்” என்றார். நாவிதரை அழைக்கலாம் என்றேன். தந்தையார் தலையை அசைத்து மறுத்து, இடக்கை விரலால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

இவ்வாறாக, வாழ்நாளில் சவரக் கத்தியைத் தொடாத நான் தந்தையாருக்குச் சவரம் செய்யும் பொறுப்பை ஏற்றேன்.

முதல் நாளே தோல்வி. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, இளஞ்சூடாக்கி, குச்சிச் சோப்பைக் கன்னத்தில் தேய்த்துத் தூரிகையைச் சுழற்றினேன். நுரை எழவில்லை. திரிந்த பாலைப் போல வெண்மையாக ஏதோ ஒன்று திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. நுரை வரட்டும் என்று மேலும் தண்ணீர் தொட்டேன். இருந்ததும் அடங்கிப் போயிற்று. காய்ந்த தோலில் கத்தி இழுத்தது. புண்ணான இடத்தில் இரத்தம் கசிந்தது. தந்தையார் கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் கை நடுங்கிப் பாதி முகத்தோடு நிறுத்திவிட்டேன்.

சோப்புதான் போலி என்று தீர்மானித்தேன். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவரிடம்தான் அதை வாங்கியிருந்தேன். மாற்றித் தந்தார். அதுவும் அப்படியே. வேறொரு நிறுவனத்தின் குச்சியைத் தந்தார். அதிலும் நுரை இல்லை. மூன்றாம் முறை, மாலை நேரத்துக் கூட்டத்தில், பத்துப் பேர் நிற்கையில், “நோயாளிக்கு வாங்குகிற பொருளிலுமா கலப்படம்? பெரியவரே, உங்களுக்கு இறையச்சம் வேண்டாமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். நான் தலை நிமிர்ந்து திரும்பி வந்தேன்.

இதனிடையே வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நான் சவரக் கிண்ணத்தை எடுத்து வரும்போதெல்லாம் தந்தையார் இடக்கையை நீட்டி, அடுக்களை வாயிலில் இருந்த மண்பானையைக் காட்டுவார். தாகம் என்றெண்ணி ஒரு குவளை மொண்டு வாயருகே கொண்டுபோவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். மீண்டும் காட்டுவார். மீண்டும் கொடுப்பேன். ஒருநாள் குவளையைத் தட்டிவிட்டார். தண்ணீர் என் மடியில் கொட்டியது. நோய் மனிதரைக் குழந்தையாக்கிவிடுகிறது என்று என் துணைவியாரிடம் வருந்திச் சொன்னேன். குழந்தையாய் இருந்தவன் யார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மதரஸாப் பிள்ளைகளை மலைமேல் காவலூருக்கு அழைத்துச் சென்றேன். பிறை காண்பதைப் பற்றிப் பாடம் நடத்தியபோது அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியாமற் போனதே அந்தப் பயணத்துக்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் நிறுவப்பெற்ற 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கண்டு பிள்ளைகள் வாய்பிளந்து நின்றதைத் தனியே ஒரு கட்டுரையாக எழுதலாம். இங்கே சொல்ல வந்தது திரும்பும் வழியில் நடந்தது.

லுஹர் தொழுகைக்காகக் காட்டோடை ஒன்றின் ஓரம் இறங்கினோம். புளிச்சோறு உண்ட கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பையன் வைத்திருந்த தேய்ந்த சோப்புத் துண்டை வாங்கித் தேய்த்தேன். கை மறையும்படி நுரை பொங்கியது. கழுவுகிறேன், கழுவுகிறேன், வழுக்கல் போகவே இல்லை. “உஸ்தாத், எங்க பாட்டி வீட்டுத் தண்ணி இப்படித்தான் இருக்கும். மழைத் தண்ணி பிடிச்சு வைப்பாங்க” என்றான் ஒருவன். அந்த நொடியில், அல்லாஹ்வின் மீது ஆணையாக, ஓடையும் பிள்ளைகளும் என் கண்ணுக்கு மறைந்து, எங்கள் வீட்டு மண்பானையும் அதை நோக்கி நீண்ட தந்தையாரின் இடக்கையுமே தெரிந்தன.

வாணியம்பாடி நாட்களில், “குடிக்கிற தண்ணியிலயா சவரம்?” என்று தாயார் கடிந்துகொள்ளும் குரல் எத்தனை விடியல்களில் அரைத்தூக்கத்தில் என் காதில் விழுந்திருக்கிறது! ஆலங்காயத்திலும் குடிதண்ணீர் மட்டும் மலையோரத்துத் திறந்த கிணறு ஒன்றிலிருந்து மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தது. தந்தையார் தம் கிண்ணத்தை அந்தப் பானையில்தான் நிரப்பி வந்திருக்கிறார்.

நான் படித்தது வரலாறு. வேதியியல் பள்ளியோடு நின்றுவிட்டது. ஆகவே ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் போனேன். அவர் மூன்று கண்ணாடிக் குப்பிகளில் ஓடைத் தண்ணீர், பானைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் மூன்றையும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினார். முதற்குப்பியில் நுரை கழுத்துவரை நின்றது. இரண்டாவதில் சற்றுக் குறைவு. மூன்றாவதில் வெறும் கலங்கல், மேலே ஓர் ஆடை.

அவர் விளக்கியது இதுதான். வானத்திலிருந்து இறங்கும் மழை மென்னீர். மண்ணுக்குள் செல்லும்போது அங்குள்ள கரியமில வாயுவால் சிறிது புளிப்பேறி, பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. மலையில் மழைநீர் பாறைமேல் வழிந்து விரைவில் ஓடையாகிவிடுவதால் அதற்கு அவகாசமில்லை. சமவெளியில் பல நூறு அடி ஆழத்தில், பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய நீர் கடினநீராகிவிடுகிறது. நாம் உப்புத் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கரிக்காத தண்ணீரும் கடினமாக இருக்கலாம். பள்ளிவாசல் ஹவுளின் விளிம்பிலும் குழாய் வாயிலும் படியும் வெள்ளைக் காறை அதன் அடையாளம். (ஒளுவுக்கு அதனால் குறையில்லை. மண்ணின் இயல்பால் மாறிய தண்ணீர் சுத்தம் செய்யும் தண்ணீரே என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் முன்பே தெளிவாக்கியுள்ளன.)

சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அதைப் பொட்டாசியக் காரத்தோடும் சோடியக் காரத்தோடும் சேர்த்துத்தான் நிலைத்து நிற்கும் கெட்டி நுரையை உண்டாக்குகிறார்கள். கால்சியம் அதைக் கண்டதும் பற்றிக்கொள்கிறது; தண்ணீரில் கரையாத பிசுக்காக்கிவிடுகிறது. தண்ணீரிலுள்ள கால்சியம் தீரும் வரை சோப்பு அதற்கே இரையாகும், எஞ்சியதுதான் நுரைக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரக்குறியீட்டில், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லையெனில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 அளவுள்ள ஒரு லிட்டர் தண்ணீர், நுரை காட்டுவதற்கு முன் மூன்றரை கிராமுக்கும் மேல் சோப்பை விழுங்கிவிடும். 60 அளவுள்ள மென்னீர் விழுங்குவது அதில் பத்தில் ஒரு பங்கே. குச்சிச் சோப்பில் கன்னத்தில் ஒட்டுவதே மெல்லிய பூச்சு. நுரை வரவில்லையே என்று நான் தண்ணீரை மேலும் மேலும் தொட்ட ஒவ்வொரு முறையும், இருந்த சோப்பையும் கொல்லப் புதிய கால்சியத்தைச் சேர்த்திருக்கிறேன்!

இது இன்று கண்ட உண்மையன்று. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் வேதியியல் பேராசிரியராயிருந்த தாமஸ் கிளார்க், தண்ணீரின் கடினத்தை அளக்கச் சோப்புக் கரைசலையே அளவுகோலாக்கினார். 1841-இல் சுண்ணாம்பு சேர்த்துக் கடினத்தைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். தோல் தொழிற்சாலையில் மயிரை நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். கன்னத்து மயிரை நீக்கவிடாமல் தடுப்பதும் சுண்ணாம்பிலுள்ள அதே கால்சியம். தந்தையாருக்குப் பேச முடிந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார்.

கடினநீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, தெளிந்ததை இறுத்துக்கொண்டால் பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினம் பெரும்பாலும் நீங்கும். நான் செய்ததுபோல் வெதுவெதுப்பாக்குவதால் பயனில்லை. சல்பேட், குளோரைடு ஆகியவற்றால் வந்த நிலைத்த கடினம் கொதிக்கவைத்தாலும் போகாது. சலவைச் சோடா அதையும் போக்கும். ஆனால் அதன் காரம் முகத்துக்கு ஆகாது. சேமித்த மழைநீர் எல்லாவற்றிலும் மேல். ஒரு முகச் சவரத்துக்கு ஒரு குவளை போதும். பிசுக்கேறி விறைத்த தூரிகையை நீர் கலந்த வினிகரில் சிறிது ஊறவைத்து அலசினால் மென்மையாகிவிடும்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் தந்தையாரைச் சாய்த்து அமர்த்தினேன். அவர் இடக்கையை நீட்டுமுன் நானே பானையில் மொண்டு கிண்ணத்தை நிரப்பினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குச்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. தூரிகை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கன்னம் வெண்பஞ்சாயிற்று. கத்தி ஓசையின்றி இறங்கியது. முடித்ததும் அவர் இடக்கையால் தம் தாடையைத் தடவிப் பார்த்தார். மறுபடி பானையைக் காட்டினார். நான் பதறிக் கிண்ணத்தை எடுத்தேன். தலையை அசைத்து வாயைத் திறந்து காட்டினார். அன்று அவருக்கு உண்மையிலேயே தாகம்.

அன்று முற்பகலே கடைத்தெருவுக்குப் போனேன். கூட்டம் சேரும் வரை வேண்டுமென்றே காத்திருந்தேன். பத்துப் பேர் முன் சொன்ன சொல்லைப் பத்துப் பேர் முன்தான் திரும்பப் பெற வேண்டும். தவறு என்னுடையது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். பெரியவர் தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “அன்னைக்கே சொல்லியிருப்பேன் பாய். நீங்க கோவத்துல இருந்தீங்க. நம்ம ஊர் போர் தண்ணிக்கு எந்தச் சோப்பும் அப்படித்தான். குடிக்கிற தண்ணியில போடுங்கன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்க அத்தாதானே!”

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு குச்சியின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, தந்தையார் வழக்கமாக வாங்கும் சோப்பை எடுத்துத் தாளில் சுற்றித் தந்தார். அது தீருமுன்பே, மறுவருடம் ரஜபு மாதத்தில் தந்தையார் மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். பாதி தேய்ந்த அந்தக் குச்சி என் புத்தக அலமாரியில் இருக்கிறது.