சும்பே தீவில் ஒரு பகல்

ஸான்ஸிபார் என்றதும் கிராம்பு மணம் நினைவுக்கு வருவது இயல்பு. நாம் சென்ற கோடை விடுமுறையில் அவ்விடம் போனதோ கிராம்பைத் தேடியன்று. அந்நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் இந்துமகா சமுத்திரத்தில் கிடக்கும் சும்பே என்னும் பவளத் தீவைக் காணவேயாம்.

படகு நெருங்குகையில், 1904-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் மரங்களுக்கு மேலே தலைகாட்டிற்று. தீவில் விருந்தினருக்கென ஏழே குடில்கள். கூரையில் விழும் மழைநீரே தரையடித் தொட்டிகளில் தேங்கிக் குளிக்கவும் துலக்கவும் உதவுகிறது. விளக்குக்கும் வெந்நீருக்கும் சூரிய பகவானே துணை.

மேற்குக் கரையையொட்டிய பவளத்திட்டில் மீன்பிடிப்பதை ஸான்ஸிபார் அரசாங்கம் 1994-ல் தடைசெய்தது. முகக்கண்ணாடி அணிந்து நீரில் மிதந்தோம். மான்கொம்பு போலவும் மூளை போலவும் பவளங்கள். அவற்றிடையே நீலமும் மஞ்சளுமாய் மீன் கூட்டங்கள்! சுமார் 200 வகைக் கற்பவளங்களும் 400-க்கு மேற்பட்ட மீன் இனங்களும் இங்குண்டு என்பதை நம்புவதில் அப்பொழுது நமக்குச் சிரமமே இருக்கவில்லை.

கரையேறியதும் ஓர் அழகிய சங்கு காலில் இடறிற்று. மடியிற் சேர்க்க முற்பட்டோம். காவலர் புன்னகையுடன் கைநீட்டி வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"யாரேனும் ஒரு சிறு நண்டு இதனுள் குடிவரக் காத்திருக்கும், ஐயா" என்றார்.

அவர் வாலிபத்தில் மீனவராம். "தடை வந்தபோது கோபம் வரவில்லையா?" என்று வினவினோம்.

"வந்தது. கடல் எங்கள் பாட்டனார் கடலல்லவா? ஆனால் இங்கே பெருகும் மீன் எல்லைக் கோட்டை அறியாது, வெளியே வலை வீசுவோருக்கும் கிடைக்கிறது" என்றார்.

விருந்தினர் செலுத்தும் பணத்தினால் ஸான்ஸிபார்ப் பள்ளிப் பிள்ளைகள் இங்கு அழைத்துவரப்படுகின்றனர். கடல் சூழ்ந்த ஊரிற் பிறந்தும் கடலடியைக் கண்டிராத குழந்தைகள் அவர்கள். உபாத்தியாயரான நமக்கு இதைவிட உகந்த செய்தி வேறென்ன? எனினும் 2020-ல் பெருந்தொற்றால் பயணிகள் வரவு நின்றபோது அவ்வருவாயும் வற்றிற்று. மேலும், கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த 1998, 2016 ஆகிய ஆண்டுகளின் சேதத்தை எந்தக் காவலராலும் தடுக்க இயலவில்லை. அச்சூட்டிற்கு, நம்மை ஏற்றிவந்த ஆகாய விமானத்தின் புகையும் ஒரு காரணமன்றோ!

நம் நாட்டு நினைவு எழுந்தது. மன்னார் வளைகுடாப் பவளங்களை ஒருகாலத்தில் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டவர் நம்மவரே. அங்குள்ள 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாயின. கற்பவளங்களுக்குச் சட்டக் காப்பு 2001-ல்தான் வந்தது. அதற்கு முன், சிறுவயதில், இராமேசுவரம் கடைத்தெருவில் தந்தையாரை நச்சரித்து வாங்கிய பவளத் துண்டு ஒன்று இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது.

அதைக் கடலில் மீண்டும் எறிந்தாலும் உயிர் பெறாது. பள்ளி திறந்ததும் வகுப்புக்குக் கொண்டுசென்றோம். "இது எங்கே கிடைத்தது, ஸார்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். கிடைத்த விதத்தை ஒளிக்காமல் சொன்னோம்.