பழைய மானிட்டருக்கு ஒரு டச் பிரேம்

ராசிபுரம் பக்கம் மச்சானோட ஜவ்வரிசி மில். பில் போடுற கம்ப்யூட்டருக்கு டச் வேணும்னார். புது மானிட்டர் எதுக்கு? இருக்கிற 19 இன்ச் எல்சிடி மேலேயே இன்ஃப்ராரெட் பிரேம் ஒண்ணை ஒட்டி யூஎஸ்பி வயரைச் சொருகினோம். விண்டோஸ் 10 தானா கண்டுக்கிட்டது.

பிரேமின் இரண்டு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் எல்இடிகள், எதிர்ப்பக்கம் அதை வாங்கும் சென்சார்கள். விரல் குறுக்கே போனா எந்தக் கதிர் அறுபடுதோ, அதுதான் தொட்ட இடம். கையுறை, பேனா மூடி எல்லாம் செல்லும். முழுக்கைச் சட்டை ஓரம் பட்டாலும் பில் விழும், அது வேற கதை!

ஜவ்வரிசிக்குக் கிழங்கு அரைக்கிற மில்லில் மாவுத்தூசிக்குப் பஞ்சமா? ஓரத்தில் படிஞ்சா அம்புக்குறி தானே ஆடுது. 1983இல் வந்த ஹெச்பி-150 கணினியிலும் இதே இன்ஃப்ராரெட் முறைதான். திரையைச் சுற்றி ஓட்டைகள், அதிலும் தூசிதான் வம்பு. மச்சான்கிட்ட பெயின்ட் பிரஷ் ஒண்ணு கொடுத்திருக்கேன்.

நிமிர்ந்த திரைக்குக் கை நீட்டி நீட்டித் தோள் கழண்டுடும். அதனால மானிட்டரைச் சாய்ச்சு வெச்சிருக்கோம். பேர் அடிக்க இன்னமும் கீபோர்டுதான், மூட்டைக் கணக்குக்கு மட்டும் டச்.

வாங்குறவங்க இன்ச் மட்டும் பார்க்காதீங்க. சதுர மானிட்டர் பெரும்பாலும் 5:4, அகல மானிட்டர் பெரும்பாலும் 16:9. மாத்தி வாங்கினா பிரேம் உட்காராது.