பழைய இரும்பு!

பி.காமில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் வாங்கிய நாளிலிருந்து வருஷா வருஷம் அதன் விலையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். எடைக்குப் போட்டுவிடலாம்!

இந்தப் பாடத்துக்கு டிமிக்கி கொடுத்த தொழிற்சாலை ஒன்று, செக் நாட்டில் பிராக் நகருக்குப் பக்கத்தில், லொடெனிட்சே என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. 1951-ல் ஆரம்பித்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம், அரசாங்கக் கம்பெனி. வேலை, இசைத்தட்டு அடிப்பது.

தட்டு பிறப்பதே ஒரு குடும்பக் கதைதான், சார். மெல்லிய பூச்சுள்ள தகட்டில் பாட்டைக் கீறி, அதன்மேல் நிக்கல் படியவைத்து உரித்தால் கிடைப்பது 'அப்பா'. அப்பாவிலிருந்து 'அம்மா'. அம்மாவிலிருந்து 'பிள்ளை'. நான் வைத்த பெயரில்லை, தொழிலிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பாவிடம் பள்ளத்துக்குப் பதில் மேடு. ஊசி வைத்தால் பாடாது. நம் வீடு மாதிரியே அம்மா குரல்தான் கேட்கும்! பிள்ளை பிரஸ்ஸில் ஏறி, சூடான வினைல் உருண்டையை நசுக்கித் தட்டாக்குவான்.

1980-களில் சி.டி. வந்தது. ஊர் உலகமெல்லாம் பிரஸ்களைப் பழைய இரும்பாக்கினார்கள். லொடெனிட்சேக்காரர்களும் சி.டி. அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பழைய பிரஸ்களைக் கழற்றவில்லை. வந்த கொஞ்ச ஆர்டருக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

2022-ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றன, சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. கேட்பவர்களுக்கு அடித்துக் கொடுக்க மெஷின் வேண்டுமே? லொடெனிட்சேயில் இருந்தது! அந்தப் பழசைப் பார்த்துப் புதுசும் செய்துகொண்டார்கள். இன்று உலகத்திலேயே அதிகம் தட்டு அடிப்பது அந்தக் கம்பெனிதான்.

மெஷினுக்கு வாழ்வு வந்தது. மனுஷனுக்கு?

என் சித்தப்பா ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். இடவலம் மாறிய ஈய எழுத்தை, நாம் பேப்பர் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். கம்ப்யூட்டர் வந்ததும் முதலாளி ஒரு மாசச் சம்பளத்தைக் கவரில் போட்டு, "வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார். சித்தப்பாவுக்கு அப்போது வயசு 48.

ஈய எழுத்து திரும்பி வராது. சித்தப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் ஒரு கால், ஒரு கொம்பு விடுபட்டாலும் கண்டுபிடிக்கிற கண் அது. புரூஃப் மேஜையில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். இப்போதும் கல்யாணப் பத்திரிகை வந்தால், முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேனாவைத் தேடுகிறார் மனுஷன்!