சாரலும் உத்தரவாதச் சீட்டும்

தென்காசியில் நாங்கள் கட்டிய வீட்டின் மரச் சன்னல் கதவுகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தந்திருந்தார்கள். ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கியதும் அவை உப்பி, மூட வரவில்லை. "ஈரத்தால் நேரும் சேதம் சேராது" எனச் சீட்டின் பின்புறத்தைக் காட்டினார் கடைக்காரர். சாரல் ஊரில் வேறெதனால் சேதம் நேரும்?

ஆசாரி கதவைக் கழற்றிப் பார்த்தார். முகப்பெல்லாம் மெருகு; மரம் நீரை மிகுதியாக உறிஞ்சும் அடி வெட்டுமுனையில் பூச்சே இல்லை.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததென்ற வணிகரிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அங்கும் சாக்கு மழைதான்!

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையிட 2 ஆண்டு அவகாசம் தருகிறது. ரசீதையும் வெட்டுமுனையின் படத்தையும் கடைக்காரரிடம் கொடுத்துள்ளோம். பதினைந்து நாள் தவணை கேட்டிருக்கிறார்.