கிளாம்பாக்கத்தையே கேள்வியாகக் கேட்கலாமே

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் ஓர் ஆதங்கம். ஏ என்ற வேலை முடிந்தால் பி, பி முடிந்தால் சி என்று 13 மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் நெட்வொர்க் படம் போட்டு, மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் ‘கிரிட்டிக்கல் பாத்’ கண்டுபிடித்து, முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பி எதற்காக ஏ-வுக்குக் காத்திருக்க வேண்டும் என்று வைவாவில் கேட்டால் பதில் வருவதில்லை.

சென்னையில் தாம்பரம் தாண்டினால் பாடமே கண்முன் நிற்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம் ஓடுகிறது. அன்று அங்கே ஸ்டேஷன் தயாராக இல்லை. முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), ரயில் ஒன்றிய அரசுடையது, மாநகரப் பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது (எம்.டி.சி.). விடியற்காலை தெற்கிலிருந்து வந்து, மூட்டையும் குழந்தையுமாகத் தாம்பரம் பஸ்ஸைத் தேடுகிறவர் எந்த நெட்வொர்க் படத்தில் வருகிறார்?

இப்படி யோசிக்கும் திறனைப் பாடத்திட்டம் கேட்காமல் இல்லை. 2014-ல் இந்தியா, பொறியியல் கல்வியைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அதிலிருந்து, பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன வர வேண்டும் என்று சொல்லும் ‘கோர்ஸ் அவுட்கம்’ இல்லாத பாடத்திட்டம் கிடையாது. தேசிய அங்கீகார வாரியம் (என்.பி.ஏ.) பொறியியல் பட்டதாரிகளுக்காகப் பல ஆண்டுகள் வைத்திருந்த 12 திறன்களின் பட்டியலில் 11-வது திட்ட மேலாண்மைதான். நல்ல ஏற்பாடு, மனதார ஆதரிக்கிறேன். ஆனால் எக்செல்லில் கட்டம் நிரப்பி, சராசரி எடுத்து, ‘அடைந்தாயிற்று’ என்று கையெழுத்துப் போடுவதோடு அது நின்றுவிடுகிறது.

குரோம்பேட்டை முதல் காட்டாங்குளத்தூர் வரை இத்தனை பொறியியல் கல்லூரிகள். 15 மதிப்பெண் பார்ட்-சி கேள்வியில் கிளாம்பாக்கத்தைக் கொடுங்கள். யார் யாரிடம் பேசியிருக்க வேண்டும், எந்த வேலை எதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதட்டும். கணக்குக்குப் பாதி, காரணத்துக்குப் பாதி மதிப்பெண் போடுவோம்.