கட்டைவிரல் சொன்ன செய்தி

அக்காள் மகனுக்கு 10 வயது நிறைந்த அன்றே வழக்கு தொடங்கிவிட்டது. "மாமா, பத்து வயசானா ஸ்கூபா படிக்கலாம்னு சொன்னீங்கதானே?"

வாய்தவறிச் சொன்னவன் நான்தான். 'பாடி' என்னும் அனைத்துலக முக்குளிப்பு அமைப்பு 10 வயதில் இளையோர் சான்றிதழ் தருகிறது. ஆனால் 12 வயது ஆகும்வரை 12 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது; சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பயிற்றுநரோ உடனிருக்க வேண்டும். "கடல் என்ன நம்ம வீட்டுத் தொட்டியா?" என்று கிள்ளானில் அம்மா முணுமுணுத்தார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நீச்சல் குளத்தில் முதல் பயிற்சி. குளத்தின் ஆழமான பகுதியில் அவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். மகிழ்ச்சியில் நானும் உயர்த்தினேன். பயிற்றுநர் மட்டும் உடனே அவனை மெல்ல மேலே அழைத்துச் சென்றார். நீருக்குள் கட்டைவிரல் 'அருமை' அல்ல, 'மேலே போகவேண்டும்' என்று பொருள். நலம் என்றால் விரல்களை வளையமாக்கிக் காட்டவேண்டும். பாடம் படித்த மாமா மறந்தேன், பையன் மறக்கவில்லை. அவனுக்குக் காது வலித்திருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

காதுக்கு 2 மீட்டர் ஆழமே அழுத்தம்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரிசெய்யவேண்டும். சிறுவர்களுக்குக் காதுக்குழாய் குறுகலானது, சளி பிடித்திருந்தால் அதுவும் நடக்காது. மூச்சை அடக்குவது இன்னும் ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். பயந்த பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியலாம்.

படகைப் பற்றியும் கேட்கவேண்டும். 2022 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்சிங் கடலில், தோக்கோங் சங்கோல் அருகே பயிற்சிக்கு மூழ்கிய நால்வர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. மறுநாள் பயிற்றுநரும், 9ஆம் நாள் இருவரும் மீட்கப்பட்டனர். 14 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அதனால்தான் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகுமுன், படகில் யார் காத்திருப்பார், வானொலி உண்டா, எங்களிடம் விசிலும் மிதவைக்குழாயும் இருக்குமா என்று கேட்டுத் துளைத்தேன்.

எல்லாம் இருந்தன. புறப்படும் காலையில் பையனுக்கு மூக்கு ஒழுகியது.

"லேசாத்தான் மாமா!"

இறங்கவிடவில்லை, நானும் இறங்கவில்லை. பகல் முழுக்க அவன் பேசவில்லை. மாலையில் படகுத்துறையில் மீன்களைப் பார்த்தபடி, "அடுத்த லீவுக்கு வரலாமா?" என்றான்.

"வரலாம். அப்பவும் பன்னிரண்டு மீட்டர்தான்டா."