ஹோடி

கோட்டையூர் வீட்டு நிலைக்கதவின் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். உள்ளே விட்டுத் திருப்பினால் இரும்பு நகரும் சத்தம் முகப்பில் தொடங்கி வளவைத் தாண்டி இரண்டாங்கட்டு வரைக்கும் கேட்கும். அப்பத்தா இருந்தவரை நான் அந்தச் சாவியைத் தொட்டதில்லை. பகலில் அந்தக் கதவு சாத்தியிருந்து பார்த்ததும் இல்லை. இப்போது வருஷத்துக்கு நாலைந்து தடவை காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். திறந்து, கூட்டி, வளவில் கிடக்கும் புறா இறகுகளை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் பூட்டிக்கொண்டு வருகிறேன். பூட்டும்போதெல்லாம் ஜான்சிபார் தெருக்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்கிறார்கள். உள்ளேயிருந்து "கரிபு" என்று பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்ற வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் வருத்தப்படாமல் திரும்பிவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்தது நான் தங்கியிருந்த வீட்டுக்காரரின் பத்து வயது மகள். ஸ்டோன் டவுனின் சந்துகளில் பித்தளைக் குமிழ் பதித்த தேக்குக் கதவுகள் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தேக்கில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தது. சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்பும். ஒரு கதவின் நிலையில் செதுக்கியிருந்த தாமரையின் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எங்கள் நிலையிலும் அதே உயரத்தில் ஒரு தாமரை இருக்கிறது. சின்னப் பிள்ளையில் அதன் இதழில் விரலை விட்டுத்தான் எம்பி நிற்பேன்.

நான் ஜான்சிபார் போனது 2018-ல். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா என்று நாலு நாடு, ஏழு வாரம், தனியாக, ரயிலிலும் பஸ்ஸிலும். சொந்தத்தில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அங்கே நமக்கு யாரு இருக்கா?" நியாயமான கேள்வி. எங்கள் ஊர்க்காரர்கள் போகாத கடல் இல்லை, ஆனால் ஆள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். பினாங்கு என்றால் அங்கே எங்களவர் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கி இருக்கும், படுக்கப் பாயும், முருகன் கோயிலும், ஊர்ச் சாப்பாடும் இருக்கும். ரங்கூன், கொழும்பு, சைகோன் எல்லாம் அப்படித்தான். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஒருவர் போய் நின்ற இடத்தில் அடுத்தவருக்கு இடம் போட்டு வைத்தது பெரிய காரியம். ஆப்பிரிக்காவில் மட்டும் எங்களுக்குப் பாய் போட்டு வைத்தவர் யாரும் இல்லை.

ஐயா, என் அப்பச்சியின் அப்பா, பெட்டியடிப் பையனாகப் பதினாலு வயதில் கப்பலேறியவர். பெகு நகரத்தில் ஒரு வட்டிக்கடை. மூன்று வருஷக் கணக்கு, முடிந்ததும் ஊர், மறுபடி மூன்று வருஷம். அடுத்தாளாக உயர்ந்து, மேலாள் ஆகப்போகிற நேரத்தில் 1942 வந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆயிரக்கணக்கானவர்களோடு ஐயாவும் நடந்தார். இம்பால் வழியாக, காடும் மலையுமாக. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பேரேடு மட்டும். அதில் எழுதியிருந்த பற்று எதுவும் பிறகு வசூலாகவில்லை. அதற்கப்புறம் ஊருணிக்கரையைத் தாண்டி ஐயா அதிகம் போனதில்லை. கொண்டுவிற்கப் போவது என்பார்கள் எங்கள் பக்கத்தில். கொண்டு போனதும் போய், விற்றதும் போய், வந்தது அந்தப் பேரேடுதான். அது இன்னமும் பெட்டகத்தில் இருக்கிறது.

அசையாத அந்த மனுஷர் அசைந்துகொண்டே இருந்த ஒருவரை விடாமல் படித்தார். எங்கள் வீட்டுக்கு 'குமரி மலர்' இதழ் வரும். மாலையில் முகப்பில் உட்கார்ந்து நான் வாசிக்க, ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதை நடத்திய ஏ.கே. செட்டியார் எங்கள் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். அவருக்கு இரண்டு வருஷம் முன்னால் இதே ஊரில் பிறந்தவர்தான் காரைக்குடியைக் கல்வி நகரமாக்கிய அழகப்பர். ஏ.கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வயது இருபத்தாறுகூட ஆகவில்லை. அடுத்த மூன்று வருஷத்தில் ஒரு லட்சம் மைல் அலைந்து, உலகமெங்கும் யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி ஐம்பதாயிரம் அடி சேர்த்தார். அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடியில் படம் தயாராகி 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியானது. காந்தி வாழ்ந்த இடங்களைத் தேடித் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். கிட்டங்கி இல்லாத கரைக்கு.

அவரை நான் பார்த்ததில்லை. 1983-ல் அவர் இறந்தபோது எனக்குப் பதினேழு வயது. குமரி மலரும் அதோடு நின்றது. பின்னாளில் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'அண்ணல் அடிச்சுவட்டில்' புத்தகம்தான் என் தோள்பையில் வந்தது. கூடவே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான மஞ்சள் நிறச் சின்னப் புத்தகம். அந்தப் பக்கத்து எல்லைகளில் அதைக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். விடியக்காலைப் பல்லவன் ரயிலில் ஏறியபோது ஐயாவின் தகரப்பெட்டியைக் கொண்டு போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கனம். விட்டுவிட்டேன்.

தார் எஸ் சலாமில் கரியாக்கூ என்று ஒரு சந்தை இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்களின் 'கேரியர் கோர்' படை தங்கிய இடம் அது, அந்தப் பெயர்தான் வாயில் மருவி கரியாக்கூ ஆனது. பஸ்காரர் அந்தப் பெயரைக் கூவும்போது எனக்குக் காரைக்குடி என்றே காதில் விழுந்தது. அந்தச் சந்தையில் வாங்கிய மூன்று துணிமூட்டைகளோடு ஒரு அம்மாள் டசாரா ரயிலில் என் பெட்டிக்கு வந்தார். பெண்களுக்கு மட்டுமான நான்கு படுக்கை அறை. தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். 1970 முதல் 1975 வரை சீன உதவியோடு போட்ட பாதை. வெள்ளையர் ஆட்சியில் இருந்த தெற்கு நாடுகளை நம்பாமல் சாம்பியாவின் செம்பு கடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே போட்டது. அன்றைய செலூ காட்டுக்குள் ரயில் போனபோது ஒட்டகச்சிவிங்கிகள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தன.

பெரிய பெண்களை அங்கே "மாமா" என்று கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தம். முதல் நாள் முழுக்க எனக்கு அது வாயில் வரவில்லை, இரண்டாம் நாள் தானாக வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மாமா ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து என் கையை நீட்டச் சொல்லி ஊற்றினார். விருந்தாளியின் கையை முதலில் கழுவ வைப்பது அவர்கள் முறை. உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் ம்சிச்சா என்கிற கீரையும். ம்சிச்சா வேறொன்றும் இல்லை, நம் தண்டுக்கீரை. களியை உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரையை அள்ளிக்கொள்ள வேண்டும். நான் செய்ததைப் பார்த்து, "உனக்கு யார் சொல்லித் தந்தது?" என்றார், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அப்பத்தா என்றேன். அது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை என் அப்பத்தாவைப் பெயர் சொல்லியே விசாரித்தார்.

இரவில் அவர் ஒரு நோட்டை எடுத்தார். இடது பக்கம் பெயர்கள், வலது பக்கம் தொகை, கொடுத்து முடித்தவர்கள் பெயரில் ஒரு கோடு. சாம்பியாவில் மூன்று ஊர்களில் துணியைக் கடனுக்குக் கொடுப்பார், அடுத்த நடையில் வசூலிப்பார். பதினோரு வருஷமாக இந்தப் பாதை. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். வரவும் பற்றும் நிரம்பிய அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஐயாவின் பேரேட்டில் கடைசிப் பக்கம் பாதியில் நிற்கும். இங்கே ஒரு பெண் அதை எழுதிக்கொண்டிருக்கிறார். அப்பத்தா இந்த ரயிலில் இருந்திருந்தால் மாமாவின் நோட்டை அல்ல, அந்த மாமியாரை நினைத்திருப்பார்.

துண்டுமாவில் ரயில் எல்லையைத் தொட்டதும் அதிகாரிகள் ஏறினார்கள். கூடவே ஷில்லிங்கைக் குவாச்சாவாக மாற்றித் தருகிறவர்களும் நோட்டுக்கட்டுகளோடு பெட்டி பெட்டியாக வந்தார்கள். மாமா எனக்கும் சேர்த்துப் பேரம் பேசினார். அவர்கள் போன பிறகு கேட்டார், "நீ என்ன விற்கப் போகிறாய்?"

ஒன்றும் இல்லை என்றேன்.

"என்ன வாங்கப் போகிறாய்?"

அதுவும் இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமராவோடு டர்பன் பக்கம் போனார், அந்த இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வைத்த பொருள் இருக்கிறதா என்று பார்த்து வரப் போகிறாய்" என்றார். வசூலுக்குப் போகிறவர் பேச்சு. இறங்கும்போது ஒரு கங்கா துணியை என் மடியில் போட்டார். நாலு பக்கமும் கரை வைத்து, கரைக்குள்ளே ஒரு வரி சுவாஹிலி வாசகம் அச்சடித்த துணி. கண்டாங்கிச் சேலையின் அகலக் கரையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கரை அந்நியமாகத் தெரியவில்லை. விலை கேட்டேன், வாங்க மறுத்துவிட்டார். அவருடைய நோட்டில் என் பெயர் இல்லை. ஆனாலும் நான் அவருக்குக் கடன்பட்டவள்.

விக்டோரியா அருவியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1905-ல் கட்டிய பாலத்தில் சாம்பியாவிலிருந்து ஜிம்பாப்வேக்கு நடந்து போனேன், முழுக்க நனைந்தேன். பிறகு புலவாயோ, ஜோகன்னஸ்பர்க், டர்பன் எல்லாம் பஸ்.

பீனிக்ஸ் குடியிருப்பு டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் இருக்கிறது. காந்தி 1904-ல் நூறு ஏக்கரில் தொடங்கியது. இன்று சுற்றிலும் நெருக்கமாக வீடுகள், தகரக் கூரைகள், துணி காயும் கொடிகள். 'இந்தியன் ஒப்பீனியன்' அச்சான அச்சகக் கட்டடம் இருக்கிறது. அந்தப் பத்திரிகை 1903-ல் தொடங்கியபோது தமிழிலும் பக்கங்கள் வந்தன. காந்தி குடியிருந்த 'சர்வோதயா' வீடு 1985 கலவரத்தில் எரிந்துபோய், மறுபடி கட்டி 2000-ல் திறந்தார்கள். ஏ.கே. செட்டியார் வந்த காலத்து மரம் இப்போது இருக்கும் சுவரில் இல்லை. அந்தப் பலகைத் திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். அவர் எழுத்தில் எனக்கு ஒரே ஒரு ஏக்கம் உண்டு. தன்னைப் பற்றி அவர் மிகக் குறைவாகச் சொல்வார். பார்த்த இடம் இருக்கும், சந்தித்த மனிதர் இருப்பார், அவர் ஒதுங்கி நிற்பார். அந்த ஒதுக்கம் எத்தனை பெரிய பண்பு என்று தெரிந்தும், கோட்டையூர்ப் பையனுக்கு இந்தக் கரையில் யார் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார்கள், எந்த வாசலில் வா என்றார்கள் என்று தெரிந்துகொள்ள மனம் கிடந்து தவித்தது.

அந்த வருஷம் பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்தன. மார்ச் 30. டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் நாட்களில்தான் பெரிய திருவிழா. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்போதுதான் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தது, அம்மனும் அந்த நாட்களை ஏற்றுக்கொண்டாள். காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழா நடக்கும் அதே பருவம்தான். மஞ்சள் சேலையும் வேப்பிலையும் கற்பூரமும் அப்படியே. பேச்சு மட்டும் ஆங்கிலம். ஆடியில் கூழ் ஊற்றுவதைக்கூட 'பாரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மாள் நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நகலை எடுத்தார். கப்பல் பட்டியலின் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்த 342 பேரில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சம் பேரை இப்படி ஒவ்வொரு எண்ணாக எழுதி நேட்டாலில் இறக்கினார்கள். ஏ.கே. செட்டியார் பிறந்த வருஷத்தோடு அந்தக் கப்பல்கள் நின்றன. அந்த அம்மாளின் பாட்டனாருக்கு ஜில்லா என்ற இடத்தில் 'மதுரா' என்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கமும் மதுரை ஜில்லாவில்தான் சேர்த்தி. கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். நான் அதை எத்தனையோ விதமாக உச்சரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு உச்சரிப்புக்கும் அந்த அம்மாள் என் வாயையே பார்த்தார். எந்த ஊரும் வரவில்லை.

"அங்கே வீடு இன்னும் இருக்குமா?" என்று கேட்டார்.

ஓலைக்குடிசையாக இருந்திருக்கும், நூறு மழையில் கரைந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? பெட்டகமும் பர்மாத் தேக்கும் உள்ள வீட்டைப் பூட்டி, சாண் நீளச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தவள் நான். அந்தக் காகிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிவகங்கை, திருப்பத்தூர், மேலூர்ப் பக்கம் என்று ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டே வருகிறேன். ஒலி பொருந்துகிற மாதிரி இதுவரை இரண்டு ஊர் கிடைத்திருக்கிறது. ஐயாவின் பேரேட்டில் பாதியில் நின்ற பக்கத்துக்கு எதிரே அந்தப் படத்தை அச்செடுத்து வைத்து, அதன்மேல் மாமா கொடுத்த கங்காவை மடித்துப் போட்டிருக்கிறேன்.

போன பங்குனியில் கோட்டையூருக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. பையில் சாவியைத் தேடிக்கொண்டே, என்னை அறியாமல் நிலைக்கு முன்னால் நின்று கூப்பிட்டுவிட்டேன். "ஹோடி." உள்ளே புறாக்கள் படபடவென்று எழும்பிய சத்தம். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எதிர்வீட்டில் குடியிருக்கும் பெண் கூடத்திலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"யாரைக் கூப்பிடுறீக ஆச்சி? வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வீட்டுக்குள் போனேன்.